நள்ளிரவில் மூச்சு முட்டிய எண்ணூர்! விழுந்தவருக்கு உயிர் மூச்சு கொடுப்பது எப்படி?

எண்ணூர் பெரியகுப்பத்தில் அன்று ராத்திரி தூங்கியவர்களை எழுப்பியது நெடி.

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. நள்ளிரவு நெருங்கும் நேரம். கப்பலில் இருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டு வரும் கடலடிக் குழாய் கசிந்தது. கடல் தண்ணீர் கொதிப்பது போல் பொங்கியது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. கைக்குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு, பைக், ஆட்டோ என்று கிடைத்த வண்டியில் ஏறி ஜனங்கள் தப்பி ஓடினார்கள்.

50 பேர் வரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தொழிற்சாலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசு கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. இருக்கலாம் என்ற அளவு 400 தான்!

அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், இந்தப் பக்கத்து மீனவர்களின் படகையும் வலையையும் நாசம் செய்திருந்தது. தண்ணீர் கெட்டது போதாதென்று காற்றும் கெட்டது.

ஈரத்துணி

அமோனியா ஈரத்தைக் கண்டால் விடாது. கண், தொண்டை, நுரையீரல் ஈரத்தில் கரைந்து அரிக்கும். தொண்டை வீங்கினால் மூச்சு அடைபடும். ஈரத்துணியால் மூக்கு, வாயை மூடிக் கொண்டால் கொஞ்சம் வாயு துணியிலேயே கரைந்து விடும். காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும். காற்று போகிற பக்கமே ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

4 நிமிஷம்தான்!

ஓடும்போது ஒருவர் விழுந்து மூச்சு நின்று விட்டால்? ஸ்டான்லி ஆஸ்பத்திரி 10 கிலோ மீட்டருக்கு மேல். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள். மூச்சு நின்று 4 நிமிஷம் போனால் மூளை கெட ஆரம்பித்து விடும். 108-க்குப் போன் போட்டு விட்டு கையைக் கட்டிக் கொண்டு நின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

முதலில் அவரை நல்ல காற்றுள்ள இடத்துக்கு இழுத்து வர வேண்டும். வாயு நடுவிலேயே வைத்தியம் பார்த்தால் விழுந்து கிடப்பது 2 பேர். மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் கை மேல் கை வைத்து, 2 அங்குலம் இறங்கும்படி வேகமாக 30 தடவை அழுத்த வேண்டும். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 2 தடவை ஊத வேண்டும். நெஞ்சு எழும்பினால் காற்று உள்ளே போகிறது. மறுபடி 30, மறுபடி 2. ஆம்புலன்ஸ் வரும் வரை விடக்கூடாது. முகத்தில் ரசாயனம் பட்டிருந்தால் கழுவி விட்டுத்தான் வாய் வைக்க வேண்டும்.

நாம் விட்ட மூச்சு எதற்கு ஆகும் என்று கேட்கலாம். அதிலும் 16 சதவீதம் பிராண வாயு இருக்கிறது. அது போதும்.

வயிற்றை அமுக்காதீர்

கடலில் மூழ்கியவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது தப்பு. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய் விடும், நேரமும் வீண். முதுகை அமுக்கி, கையைத் தூக்கும் பழைய முறையையும் 1950-களிலேயே டாக்டர் பீட்டர் சாபர் போன்றவர்கள் சோதித்துப் பார்த்து, வாயோடு வாய் ஊதுவதே மேல் என்று காட்டி விட்டார்கள். மூழ்கியவருக்கு முதலில் ஊதி விட்டுத்தான் நெஞ்சை அழுத்த வேண்டும்.

மூச்சு திரும்பியதும் எழுந்து வீட்டுக்குப் போய் விடக் கூடாது. அமோனியாவை சுவாசித்தவருக்கு பல மணி நேரம் கழித்துக் கூட நுரையீரலில் நீர் கோர்க்கும். ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.