சயாம் நாட்டுக் கட்டுப்பட்டும் அதைத் தேடிவரும் பிரயாணிகளும்

நெல் அறுவடை முடிந்தபின் உழவர் இல்லத்தில் வேலை குறையும், செலவு குறையாது. நம் கிராமங்கள் அறிந்த இவ்வுண்மையைத் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியாகிய ஈசானும் நன்கறியும். மழையை நம்பி ஒரு போகம் நெல் விளைவிக்கும் அப்பகுதியில், களம் ஓய்ந்ததும் தறி பேசத் தொடங்குகிறது. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய மரவீட்டின் நிழலில், கோழிகளும் குழந்தைகளும் சூழ்ந்திருக்க, அவ்வீட்டுப் பெண்மணி பட்டு நெய்கிறாள். அப்பட்டின் பெயர் மட்மி. ‘மட்’ என்றால் கட்டுதல். ‘மி’ என்றால் நூல். நூலைக் கட்டிச் சாயமிட்டு நெய்வதால் இதனைக் கட்டுப்பட்டு என்று நாம் அழைக்கலாம்.

விளைவிப்போரும் நெய்வோரும் ஒருங்கே படிக்கும் இவ்விதழுக்கு இத்தொழில் மிகவும் பொருத்தமானது. ஏனெனில், அங்கே இவ்விருவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தார். வீட்டுப்புறத்தில் முசுக்கொட்டைச் செடி. வீட்டினுள் மூங்கில் தட்டுகளில் பட்டுப்புழு. அந்நாட்டுப் புழு ஏறத்தாழ மூன்று வாரம் இலை தின்று மஞ்சள் நிறக் கூடு கட்டுகிறது. கூடுகளைக் கொதிநீர்ப் பானையிலிட்டு, பல இழைகளை ஒன்றுசேர்த்துக் கையாலேயே நூல் இழுக்கின்றனர். கூட்டின் மேற்புற இழை முரடானது. உட்புற இழை மெல்லியது. இரண்டையும் தரம் பிரித்து வைக்கின்றனர். எஞ்சிய கூட்டுப்புழுவும் வீணாவதில்லை. அது அவர்களுக்கு உணவு.

கட்டும் முறை

ஆடையின் அகலத்திற்குச் சரியான சட்டம் ஒன்றில் ஊடைநூலைச் சுற்றுகின்றனர். சாயம் ஏறக்கூடாத இடங்களை முற்காலத்தில் வாழைநாரால் இறுகக் கட்டினர். இக்காலத்தில் பிளாஸ்டிக் நாடாவால் கட்டுகின்றனர். நூலைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தியபின் சில கட்டுகளை அவிழ்த்து, வேறு இடங்களில் கட்டி, அடுத்த நிறத்தில் தோய்ப்பர். சிவப்புக்கு அரக்கும் நீலத்திற்கு அவுரியும் பழைய சாயங்கள். எத்தனை நிறமோ அத்தனை முறை கட்டும் அவிழ்ப்பும் உண்டு. பின்னர் நூலைத் தார்களில் சுற்றி, வரிசை குலையாமல் கயிற்றில் கோத்து வைக்கின்றனர். ஒரு தார் இடம் மாறினாலும் நாகத்தின் உடல் நடுவே முறிந்துவிடும்! நெய்பவள் ஒவ்வொரு ஊடையையும் சற்றே இழுத்தும் தளர்த்தியும் கோலத்தைப் பொருத்துகிறாள். இத்தனைக்குப் பின்னும் கோலத்தின் ஓரம் சிறிது கலங்கியே தோன்றும். அக்கலக்கமே கைவேலையின் முத்திரை.

நம் நாட்டுக் குஜராத்தின் பட்டோலாவும் தெலங்கானாவின் போச்சம்பள்ளியும் இம்மரபின் உறவுகள். சயாமுடன் நமக்கு வேறோர் உறவும் உண்டு. அயோத்தியா அரசர் காலத்தில் அவ்வரண்மனையார் தம் நாட்டுக் கோலங்களை அனுப்பி, சோழமண்டலக் கரையில் துணிகளுக்கு வண்ணம் தீட்டுவித்துத் தருவித்தனர். வாங்குவோரின் சுவையறிந்து செய்துதரும் வித்தையை நம் முன்னோர் அன்றே கற்றிருந்தனர்.

பிரயாணிகள் வந்த கதை

இரண்டாம் உலகப்போருக்குப்பின் பாங்காக்கில் தங்கிய ஜிம் தாம்ஸன் என்னும் அமெரிக்கர், நலிந்திருந்த பட்டுத்தொழிலுக்கு வெளிநாட்டுச் சந்தையைத் தேடித்தந்தார். கால்வாய்க்கரையில் இருந்த பான் குருவா நெசவாளர் தத்தம் இல்லங்களிலேயே நெய்தனர். 1951-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘அரசனும் நானும்’ என்ற இசைநாடகத்தின் உடைகள் தாய்ப்பட்டின் புகழைப் பரப்பின.

ஈசான் கிராமங்களின் கட்டுப்பட்டோ நெடுநாள் ஏழைப் பெண்டிரின் உடையாகவே கருதப்பட்டது. 1970-இல் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட நக்கோன் பனோம் பகுதிக்குச் சென்ற அரசி சிரிகித், அங்குள்ள பெண்கள் உடுத்தியிருந்த மட்மியைக் கண்டு மகிழ்ந்து தமக்கும் நெய்துதரும்படி கேட்டார். எளியோர் உடுத்தும் துணியை அரசி விரும்புவதா என்று அவர்கள் வியந்தனராம். 1976-இல் அரசியின் ஆதரவில் கைத்தொழில் அறநிறுவனம் ஒன்று தோன்றிப் பயிற்சியும் விற்பனையும் அளித்தது. 2025-இல் அரசி மறைந்தார், தொழில் நிலைத்திருக்கிறது.

இன்று கோன் கேன் மாகாணத்தின் சொன்னபோட்டுக்கு உல்லாசப் பிரயாணிகள் மட்மிக்காகவே செல்கின்றனர். நவம்பர் இறுதியில் அம்மாகாணத்தில் பட்டுவிழா தொடங்குகிறது. மணிக்கட்டில் நூல் கட்டி நட்புப் பூணும் சடங்கும் அவ்விழாவில் உண்டு. சுரின் மாகாணத்துத் தா சவாங் கிராமத்தில் ஓராளுக்குமேல் உயர்ந்த தறியில் பலர் கூடிப் பொற்சரிகைப் பட்டு நெய்வதைக் காணவும் கூட்டம் கூடுகிறது. பானையில் நூல் இழுப்பதையும் முடிச்சு அவிழ்வதையும் கண்ட கண், கடையில் விலைச்சீட்டைக் கண்டு மலைப்பதில்லை. உழைப்பைக் காட்டுவதே அங்குச் சிறந்த விளம்பரம்.

போலியும் முத்திரையும்

ஆயினும் புகழ் வந்த இடத்தில் போலியும் வந்தது. கட்டுப்பட்டின் கோலத்தை மலிவான துணியில் அச்சிட்டு விற்போர் பலர். சில ஆண்டுகளுக்குமுன் நாம் தணிக்கை செய்யச் சென்ற சங்கம் ஒன்றில் முதிய அங்கத்தினர் ஒருவர், “ஐயா, நான் பதினைந்து நாள் நெய்த புடவையின் கோலம் எதிர்க்கடையில் பாதி விலைக்குத் தொங்குகிறது. வாங்க வருகிறவருக்கு எது தறித்துணி என்று யார் சொல்வது?” என்று கேட்டார். அன்று நம்மிடம் தக்க விடை இல்லை.

அதே வினாவுக்குத் தாய்லாந்தார் மயில் முத்திரையால் விடை கூற முயன்றனர். பொன்மயில் முத்திரை, நாட்டுப்புழுவின் நூலைக் கையால் இழுத்து மரபுத்தறியில் நெய்த பட்டுக்கு உரியது. வெள்ளி மயிலும் நீல மயிலும் அடுத்தடுத்த தரங்களைக் காட்டுகின்றன. பச்சை மயில், பட்டுடன் வேறு இழை கலந்ததை ஒளியாமல் அறிவிக்கிறது. கலப்புத்துணி விற்பது குற்றமன்று. அதைத் தூயபட்டு என்று விற்பதே குற்றம் என்ற நீதி இதில் அடங்கியுள்ளது.

நம்மிடமும் 2004 முதல் பட்டு முத்திரையும் 2006 முதல் கைத்தறி முத்திரையும் உள. பட்டு முத்திரை இழையைப் பற்றிச் சான்று கூறும்; கைத்தறி முத்திரை தறியைப் பற்றிச் சான்று கூறும். நெய்தவர் கை எது, நாள் எத்தனை என்பதைச் சங்கமே கூறவேண்டும். விற்பனைக் கூடத்தின் ஒரு மூலையில் தறி ஒன்றை ஓடவிடுவதும், துணியின் இருபுறத்தையும் திருப்பிக்காட்டி வேறுபாட்டை விளக்குவதும் பெருஞ்செலவுடையன அல்ல. அச்சிட்ட துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கட்டி நெய்ததற்கு இருபுறமும் முகமே.

அம்முதியவரை அடுத்தமுறை காணும்போது இவ்விடையையே கூற எண்ணியுள்ளோம். அவரது சங்கக் கூடத்தில் அதனை நடைமுறையில் காட்டுவது நிர்வாகக் குழுவினர் கடமை. நமது கடமையும் ஆகும்.