புதுக் கல்லீரல் வந்ததும் கொலஸ்ட்ரால் ஏறுவது ஏன்?

சிரோசிஸ் முற்றிய அப்பாவுக்கு கொலஸ்ட்ரால் 110 என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் மாற்று சிகிச்சை முடிந்து சில மாதங்களில் 240. ஆபரேஷன்ல ஏதோ தப்பா?

அந்த 110-ஐப் பார்த்துத்தான் பயந்திருக்கணும். கொலஸ்ட்ராலைத் தயாரித்து ரத்தத்தில் அனுப்பும் முக்கிய இடமே கல்லீரல்தான். அது நலிந்தால் பொதுவாக உற்பத்தியும் சரியும். புதுசு வேலையைத் தொடங்கியதும் அளவு ஏறும். அதற்கு மேலும் ஏற்றுவது, உடல் புது உறுப்பை நிராகரிக்காமலிருக்கத் தரும் மருந்துகள்: ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ். டாக்ரோலிமஸ் கொஞ்சம் பரவாயில்லை. பசி திரும்பி எடையும் கூடும்.

மாற்று சிகிச்சை செய்தவர்களின் உயிரைப் பல ஆண்டுகள் கழித்துப் பறிக்கும் முக்கிய காரணங்களில் இதயநோயும் ஒன்று. எனவே ஸ்டாட்டின் தேவைப்படலாம். ஆனா மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்காதீங்க: சைக்ளோஸ்போரினோடு சில ஸ்டாட்டின்கள் சேர்ந்தால் தசை சிதையலாம். எது, எவ்வளவு என்பதை மாற்று சிகிச்சை டாக்டர்தான் சொல்லணும்.