உருவம் கடந்தது, குணம் நின்றது

ஒரு வரைகலை மென்பொருளில் அமைத்த திண்ம உருவத்தை மற்றொன்றுக்குள் கொண்டு செல்லும்போது அதன் முகங்களும் விளிம்புகளும் பிளவுபடாமல் காக்கும் உபாயங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த உருவத்தைச் சுற்றித் திரையில் தென்படாத பரிவாரம் ஒன்று இருக்கிறது: பாகத்தின் எண், அதன் வர்ணனை, இன்ன உலோகத்தால் ஆனது என்ற நிர்ணயம், எத்தனையாவது திருத்தம் என்ற கணக்கு, மேற்பூச்சு, எடை, யாரிடம் வாங்குவது என்ற குறிப்பு. வடிவமைப்பாளர் உருவத்தின் அழகிலேயே லயித்திருந்தாலும், கொள்முதல் இலாகாவும் ஸ்டோர்ஸும் நாள்தோறும் பிரயோகிப்பது இந்தப் பரிவாரத்தைத்தான். ஒரு ஸ்தாபனம் பழைய மென்பொருளைக் கைவிட்டுப் புதியதைத் தழுவும் தருணத்தில் முதலில் வழிதவறிப் போவதும் இதுவே.

இதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1980-ல் அமெரிக்காவில் வெளியான ஐஜெஸ் என்னும் பரிமாற்ற முறை, கோடுகளையும் வளைபரப்புகளையும் சுமந்து செல்வதையே பிரதான நோக்கமாகக் கொண்டிருந்தது. 1994-ல் ஐ.எஸ்.ஓ. 10303 என்ற எண்ணோடு சர்வதேச நியமமாக வெளிவரத் தொடங்கிய 'ஸ்டெப்', பாகத்தின் அடையாள எண்ணுக்கும் பெயருக்கும் வர்ணனைக்கும் திருத்தத்துக்கும் முறையாக இடம் ஒதுக்கியது, ஏ.பி. 242 என்ற அதன் பிற்காலப் பிரிவில், உபயோகிப்போர் தாமாகச் சேர்த்துக்கொள்ளும் விவரங்களுக்கும் வழியுண்டு. ஆயினும் நியமம் ஒதுக்கிய ஸ்தானத்தை மென்பொருள் ஒழுங்காக நிரப்பும் என்று நம்பிவிடக்கூடாது. அடையாள எண் இருக்கவேண்டிய இடத்தில் கோப்பின் பெயரைப் போட்டுவிட்டுத் திருப்தியடையும் மென்பொருள்களும் உண்டு. அனுப்பிய மென்பொருள் சிரத்தையோடு எழுதிய விவரங்களைப் படிக்காமலே தள்ளிவிடும் மென்பொருள்களும் உண்டு.

இவ்விவரங்களுக்கு ஸாலிட்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் 'கஸ்டம் ப்ராப்பர்ட்டி' என்று பெயர், இன்வென்டரில் 'ஐ-ப்ராப்பர்ட்டி', க்ரியோவில் 'பாராமீட்டர்'. ஸாலிட்வொர்க்ஸில், பத்து வெவ்வேறு நீளமுள்ள போல்ட்டுகளை 'கான்ஃபிகரேஷன்' என்ற முறையில் ஒரே கோப்புக்குள் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாக எண் கொடுத்துவிடலாம். அக்கோப்பு ஸ்டெப்பாக வெளியேறுகையில், அச்சமயம் திரையில் எந்த போல்ட் இருந்ததோ அது மட்டுமே பொதுவாக வெளியேறும். மற்ற ஒன்பதும் தத்தம் எண்களோடு பின்தங்கிவிடும்.

ஆகவே மாற்றத்தில் இறங்குமுன் விவரங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்வது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பாக எண், வர்ணனை, உலோகம், திருத்தம் போன்றவை மனிதன் நிச்சயித்து எழுதியவை; எடை, கனஅளவு, புவியீர்ப்பு மையம் போன்றவை இயந்திரம் கணக்கிட்டுச் சொன்னவை. முதல் வகையை எழுத்துப் பிசகாமல் எடுத்துச் செல்லவேண்டும். இரண்டாவது வகையைப் புதிய மென்பொருளே மறுபடி கணக்கிடட்டும். பழைய மதிப்பைச் சரிபார்க்கும் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். 200 மில்லிமீட்டர் நீளமும் 100 அகலமும் 50 கனமும் உள்ள எஃகுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனஅளவு சரியாக ஒரு லிட்டர். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராமாகையால் எடை 7.85 கிலோ. உலோகத்தின் பெயர் வழியில் தொலைந்துபோனால், ஸாலிட்வொர்க்ஸ் அதைத் தண்ணீரின் அடர்த்தியுள்ள பொருளாகப் பாவித்து, யாதொரு தயக்கமுமின்றி 1 கிலோ என்று சொல்லிவிடும். உருவத்தில் ஒரு குறையும் இராது. கிரேனின் பளுவைக் கணக்கிடுபவர் மட்டும் ஏமாந்துபோவார். பழைய எடையையும் புதிய எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இத்தகைய பிழைகள் அனைத்தும் ஒரே பிற்பகலில் வெளிப்பட்டுவிடும்.

முதல் வகையைக் கொண்டுசெல்ல ஸ்டெப்பை நம்புவதைவிட, பழைய மென்பொருளிலிருந்து அட்டவணையாக வெளியே எடுத்து, பாக எண்ணையே திறவுகோலாக வைத்துப் புதிய மென்பொருளில் திரும்ப ஏற்றுவது நிச்சயமான மார்க்கம். வெறுமையாக உள்ள எண்களையும் இருமுறை வந்துள்ள எண்களையும் வெளியே எடுக்குமுன்பே தீர்த்துவிடவேண்டும். அந்த அட்டவணையை எக்ஸெல்லில் திறப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்: 00451 என்ற பாக எண்ணின் முன்சுழிகளை அது விழுங்கிவிடும், 3-12 என்பதைத் தேதியாக்கிவிடும், 12E4 என்பதை ஒரு லட்சத்து இருபதினாயிரமாக வாசிக்கும். இதே உபத்திரவத்தால், மனித ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழுவே மார்ச், செப்டம்பர் மாதங்களைப்போல் ஒலித்த சில ஜீன்களின் பெயர்களை மாற்றிவைக்க நேர்ந்ததென்றால், நம் பாக எண்கள் எம்மாத்திரம்! அட்டவணையில் பாக எண் உள்ள பத்தி முழுவதையும் எழுத்தாகவே கருதும்படி முன்கூட்டியே அமைத்துவிட்டால் தொல்லை தீரும்.

உலோகப் பெயர்களுக்கென ஒரு சிறு ஒப்பீட்டுப் பட்டியலும் அவசியம். அமெரிக்க வழக்கில் 304 எனப்படும் துருவேறா எஃகு, ஜெர்மானிய எண்முறையில் 1.4301, ஜப்பானில் எஸ்.யூ.எஸ். 304. மூன்றும் அலுவலகத்தின் பல கோப்புகளில் விரவிக் கிடக்குமாயின், புதிய மென்பொருளின் உலோக நூலகம் எதையும் அடையாளம் காணாமல் அடர்த்தியை அனாதையாக விட்டுவிடக்கூடும்.

மென்பொருள் மாற்றத்தின் அபாயத்தைச் சிறு பட்டறைகளுக்கே உரியதென்று நினைப்பவர்கள் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் கதையைக் கேட்கவேண்டும். ஏறத்தாழ 530 கிலோமீட்டர் மின்கம்பி ஓடும் அந்த விமானத்துக்கு, ஹாம்பர்கிலிருந்தவர்கள் கேட்டியா என்ற வரைகலை மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், துலூஸிலிருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வரைந்தார்கள். ஒரு கம்பி எவ்வளவு நெருக்கமாக வளையலாம் என்பது அதன் உருவத்தில் இல்லை, குணத்தில் இருக்கிறது. ஹாம்பர்கில் முடிந்த உடற்பகுதிகள் துலூஸில் ஒன்றுசேர்ந்தபோது கம்பிக்கட்டுகள் உரிய இடத்தை எட்டவில்லை. 2006-ல் தாமத அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. தலைமை அதிகாரிகள் பதவி துறந்தார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குக் கைமாறியது 2007 அக்டோபரில்தான். நிர்வாகத்தின் குறைகளும் இதில் கலந்திருந்தன என்பது மெய்யே. ஆனால் ஒரே கம்பெனி விற்ற இரு பதிப்புகளுக்கிடையே நேர்ந்த விபரீதம் இது என்பதை மறக்கலாகாது.

எல்லா விவரத்தையும் சுமந்து செல்லவேண்டும் என்ற பேராசையும் வேண்டாம். பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும் பத்தியைக் கண்டால், இதை இப்போது யார் படிக்கிறார் என்று கொள்முதல் இலாகாவைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள். நடப்புத் திருத்தம் மட்டும் கூட வந்தால் போதும். மாற்றம் முடிந்த அன்றே பழைய கோப்புகளைத் திருத்த முடியாதபடி பூட்டிவிடவேண்டும்; இல்லையேல் ஒரே பாகத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு திருத்தங்கள் முளைக்கும். பல பாகங்கள் கூடிய அசெம்பிளிகளில் இந்த எண்களும் எண்ணிக்கைகளும் படும் பாட்டை அடுத்த வாரம் பார்ப்போம்.