அப்பம்மாவின் குளிசை, தம்பியின் மூளை

நம் மூளையின் நரம்புக் கலங்கள் சின்னச் சின்ன மின்துடிப்புகளால்தான் செய்தி அனுப்புகின்றன. கலத்தின் சுவரில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியாகச் சோடியம் அயன்கள் உள்ளே பாயும்போது அந்தத் துடிப்பு பிறக்கிறது. ஏராளமான கலங்கள் கட்டுக்கடங்காமல் ஒன்றாகத் துடித்தால் வலிப்பு வரும்.

1953இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் ஷிண்ட்லர் உருவாக்கிய கார்பமசெபின் அந்த வாசல்களை அடக்கி வைக்கும் மருந்து. அப்பம்மா வலிப்பு இல்லாமல் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறார் என்றால், அதற்கு இப்படியொரு குளிசை காரணமாக இருக்கலாம்.

அதையே இரண்டு வயதுத் தம்பி இனிப்பு என்று நினைத்து விழுங்கினால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பம்மாவின் எடை 60 கிலோ, தம்பியின் எடை 12 கிலோ. ஒரு 200 மில்லிகிராம் குளிசை, கிலோ ஒன்றுக்குத் தம்பிக்கு ஐந்து மடங்கு. ஐந்து குளிசை தின்றால் இருபத்தைந்து மடங்கு!

அப்போது வாசல்கள் அளவுக்கு மீறி அடைபடும். பிள்ளை தள்ளாடி நடப்பான், வாந்தி எடுப்பான், கருவிழிகள் பக்கவாட்டில் துடிக்கும், தூக்கம் அமுக்கும். மூச்சும் தளரலாம். வலிப்பைத் தடுக்கும் இந்த மருந்தே, அளவு மீறினால் வலிப்பை வரவழைக்கவும் செய்யும்.

இன்னும் பயங்கரமானது அதன் தாமதம். கார்பமசெபின் தண்ணீரில் எளிதில் கரையாது. குடலின் அசைவையும் மந்தமாக்கிவிடும். அதனால் மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் ஏறும். “இப்போது நன்றாகத்தானே விளையாடுகிறான்” என்று பெரியவர்கள் சொல்லும் பிள்ளை, பல மணி நேரம் கழித்து மயங்கலாம். காத்திருந்து பார்க்கவே கூடாது.

கனடாவின் விண்ட்சர் நகரில் ஹென்றி ப்ரோ என்ற குழந்தை வைத்தியர், மருந்து தின்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, 1967இல் அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மூடியைப் பரவச் செய்தார். நம் திருகோணமலைப் பக்கமோ கிளினிக் குளிசை கடதாசி உறையிலும் வரும். உறையைப் பிரிக்கச் சின்ன விரல்கள் போதும். பூட்டுள்ள அலுமாரியின் மேல்தட்டுதான் அதற்குச் சரியான இடம்.

தம்பி தின்றதைக் கண்டால், ஏச்சு விழுமே என்று பயந்து மறைக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து. மூதூரோ கிண்ணியாவோ, 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். பக்கத்து வைத்தியசாலைக்கே முதலில் போக வேண்டும். மிஞ்சிய குளிசையையும் உறையையும் கையோடு கொண்டுபோங்கள். எது, எத்தனை என்று வைத்தியருக்குத் தெரிந்தால் சிகிச்சை விரையும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள நச்சுத் தகவல் நிலையத்திடமும் அவர் ஆலோசனை கேட்கலாம். தேவைப்பட்டால் நுண்துளைகள் நிறைந்த மருத்துவக் கரியைக் கரைத்துக் கொடுப்பார்கள். குடலில் மிஞ்சிய மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கரிக்கு அந்தச் சக்தி இல்லை.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து அப்பம்மாவின் குளிசையை யாரும் வீசிவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் அவருக்கு வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரலாம்.