சிறுமியே இல்லை! சிறை மட்டும் உண்டு!
இன்டர்நெட் வலையும் அமெரிக்கக் கோர்ட்டுகளும்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். இரவு நேரம். ஒரு ஆள் காரை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே 14 வயதுப் பெண் ஒருத்தி தனக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவன் எண்ணம். இன்டர்நெட்டில் அவளோடு பல நாள் பேசியிருக்கிறான்.

கதவு திறக்கிறது. பெண் இல்லை. போலீசார் நிற்கிறார்கள்!

இத்தனை நாளும் அவள் பெயரில் பதில் போட்டு வந்தவர் ஒரு போலீஸ் அதிகாரி. அப்படி ஒரு சிறுமி பிறக்கவே இல்லை.

"பெண்ணே இல்லை என்றால் குற்றம் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பிடிபட்டவர்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கோர்ட்டில் அது செல்லாது.

டெக்சாஸ் சட்டப்படி, 17 வயது ஆகாதவர் மட்டும் "மைனர்" அல்ல. 17 வயது ஆகாதவர் என்று எதிரி நம்பிய ஆளும் மைனர்தான். தகாத நோக்கத்தோடு அப்படிப்பட்டவரைச் சந்திக்கக் கூப்பிட்டாலே குற்றம் முடிந்துவிடுகிறது. "சந்திப்பு நடக்கவில்லையே" என்பதும் செல்லாது. தண்டனை 2 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறை. மத்திய சர்க்காரின் சட்டம் இன்னும் கடுமை. அதில் குறைந்தது 10 ஆண்டு. ஆயுள் சிறையும் விதிக்கலாம்.

இந்தச் சட்டம் சரிதானா? சரி என்றே எனக்குப் படுகிறது. நிஜமாகவே ஒரு குழந்தை கெட்ட பிறகு வந்து பிடிப்பதற்குப் போலீஸ் எதற்கு?

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. வலை விரிப்பவர், திருடனுக்காக விரிக்கிறாரா? அல்லது சும்மா போகிறவனைத் திருடனாக்கிப் பிடிக்கிறாரா? எதிரியின் வக்கீல் நுழைகிற வாசல் இதுதான்.

விஸ்கி கேட்ட விருந்தாளி

இந்த வாசலைத் திறந்துவிட்டது ஒரு விஸ்கி கேஸ்.

அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். வட கரோலினாவில் ஒருவர் வீட்டுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் போல ஒரு மதுவிலக்கு அதிகாரி வந்தார். இருவரும் முதல் உலகப் போரில் ஒரே படைப் பிரிவில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. பழைய கதை பேசினார்கள். நடுவே அதிகாரி, "கொஞ்சம் விஸ்கி கிடைக்குமா?" என்றார். "இல்லை" என்றார் வீட்டுக்காரர். மறுபடி கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், பழைய சிப்பாய் என்ற பாசத்தில் வீட்டுக்காரர் வெளியே போய் அரை காலன் வாங்கி வந்து கொடுத்தார். உடனே கைது!

1932-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. குற்றத்தைத் தடுக்க வேண்டிய சர்க்கார், குற்றத்தை உண்டாக்கலாமா என்பதுதான் கேள்வி. அதை ஜூரிகள் விசாரித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

1992-ல் இன்னொரு வழக்கு. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு விவசாயி. சிறுவர்களை ஆபாசமாகக் காட்டும் பத்திரிகை ஒன்றைத் தபாலில் வரவழைத்தார் என்று பிடித்தார்கள். விசாரித்தால், சர்க்கார் ஆட்களே பொய்ப் பெயர்களில் சங்கங்களை உண்டாக்கி, 26 மாதம் அவருக்குக் கடிதம் எழுதி ஆசை மூட்டியிருக்கிறார்கள்! நீங்கள் போவதற்கு முன்பே அவர் மனதில் அந்த எண்ணம் இருந்தது என்று நீங்கள்தான் ருசுப்படுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சர்க்காரிடம் சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். நூலிழையில் தப்பினார்.

இன்டர்நெட் வழக்கிலும் இந்த வாதம் வென்றதுண்டு. மனைவியைப் பிரிந்த ஒருவர், துணை தேடி இன்டர்நெட்டில் ஒரு பெண்ணோடு பழகினார். தனக்குக் குழந்தைகள் இருப்பதாக அவள் சொன்னாள். "நான் அவர்களுக்கு நல்ல பழக்கம் கற்றுக் கொடுக்கிறேன்" என்றார். அவளுக்கு அது போதவில்லை. குழந்தைகளை வைத்து விபரீதமான பேச்சுக்கு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். பல மாதம் கழித்து அவர் புளோரிடாவிலிருந்து கலிபோர்னியா போனார், கைதானார். "அவள்" சர்க்கார் ஏஜெண்டு! 10 ஆண்டுக்கு மேல் தண்டனை கிடைத்தது. 2000-ல் அப்பீல் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

இதைப் படித்துவிட்டு, "பொறி வைத்தார்கள்" என்று சொன்னால் எல்லோரும் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வாய்ப்பைக் காட்டுவது மட்டும் பொறியாகாது என்று டெக்சாஸ் சட்டமே சொல்கிறது. "எனக்கு 14 வயது" என்று வந்த பதிலைப் படித்த பிறகும் ஒருவன் தானாக முகவரி கேட்டால், வக்கீல் என்ன செய்ய முடியும்?

ஆகவே வக்கீலின் வேலை எல்லாம் அந்தப் பேச்சுப் பதிவில்தான். பொறுக்கி எடுத்த நான்கு வரி போதாது. முதல் "ஹலோ"விலிருந்து முழுதும் வேண்டும். தகாத பேச்சை முதலில் எடுத்தது யார்? வயதைச் சொன்னது எப்போது? பெரியவர்கள் மட்டும் சேரக்கூடிய இடத்திலா பழகினார்கள்? அவன் விலகப் பார்த்தபோது அதிகாரி மீண்டும் கூப்பிட்டாரா? தட்டியது அவன் கைதானா, வீட்டில் வேறொருவரா? செல்போனை வாரண்டு பெற்றுச் சோதித்தார்களா? (வாரண்டு வேண்டும் என்பது 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்பு.) ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறார்கள்.

சில சமயம் சட்டமே தோற்கிறது. மைனரிடம் ஆபாசமாகப் பேசினாலே குற்றம் என்று டெக்சாஸ் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பேச்சுரிமையை அளவுக்கு மீறித் தடுக்கிறது என்று 2013-ல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த கிரிமினல் கோர்ட்டு அதை நீக்கியது. சந்திக்க அழைப்பது குற்றம் என்ற பிரிவு அப்படியே நின்றது.

டெலிவிஷன் வந்த நாள்

2006 நவம்பரில் டெக்சாசில் மர்பி என்ற ஊரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும்.

ஒரு டெலிவிஷன் கம்பெனி அங்கே வீடு பிடித்து, கேமிராக்களை ஒளித்து வைத்தது. சிறுவர் சிறுமியர் போலப் பேசியவர்கள் போலீசார் கூட அல்ல. ஒரு தொண்டர் குழுவினர். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள்.

ஒருவர் மட்டும் அந்த வீட்டுக்கு வரவில்லை. அவர் பக்கத்துக் கவுண்டியில் அரசுத் தரப்பு வக்கீல். போலீசார் அவர் வீட்டுக்கே போனார்கள். கேமிராக்காரர்களும் தெருவில் நின்றார்கள். போலீசார் உள்ளே நுழைந்தபோது அவர் தன்னையே சுட்டுக் கொண்டு இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று எந்தக் கோர்ட்டும் இனிச் சொல்ல முடியாது.

மற்றவர்கள் கதி? 2007-ல் மாவட்ட அரசு வக்கீல் ஒருவர் மீதும் வழக்கு நடத்த மறுத்துவிட்டார். பலருடைய பேச்சு அந்தக் கவுண்டி எல்லைக்குள் நடந்ததாகவே ருசு இல்லை. மற்றவர்கள் மீது சாட்சியம் போதவில்லை. அவர்களில் உண்மையான குற்றவாளிகள் இருந்திருந்தால், அவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இறந்தவரின் சகோதரி டெலிவிஷன் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 2008-ல் அது ராஜியில் முடிந்தது.