பயறு விதையில் பூசும் பாக்டீரியாக்களும் அவற்றைக் கையாளும் முறையும்

உளுந்து, துவரை, நிலக்கடலை முதலியவற்றின் வேர்களில் சிறு முடிச்சுகள் இருப்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். இம்முடிச்சுகளில் வசிக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துச் செடிக்கு உணவாக அளிக்கின்றன. 1888-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்துப் பேயரிங்க் என்பவர் இவற்றைத் தனியே பிரித்து வளர்த்தார். வளர்த்த பாக்டீரியாக்களை விதையில் பூசி விதைப்பது இப்பொழுது சாதாரண வழக்கம். ஆயினும், பூசியும் முடிச்சு விழவில்லை என்ற குறை சிற்சில இடங்களில் எழுவதுண்டு. கலக்கும்போது இவை நசுங்கி மாண்டுவிடுமோ என்னும் ஐயமும் உண்டு.

இவ்வையம் பெரும்பாலும் ஆதாரமற்றது. ரைசோபியத்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று பங்கே. அதைச் சுற்றிலும் உறுதியான சுவரும் உண்டு. கஞ்சியைக் கையாலோ கோலாலோ கலக்கும்போது, நீர் சுழலும் திசையில் இவையும் மிதந்து செல்லுமேயன்றி, உடல் கிழியத்தக்க விசை அவற்றின்மேல் விழுவதில்லை. ஆராய்ச்சிசாலைகளில் பாக்டீரியாக்களை உடைக்க வேண்டின், நுண்ணிய கண்ணாடி மணிகளுடன் சேர்த்து அதிவேகமாகக் குலுக்குவார்கள். அல்லது காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு சிறு இடுக்கின் வழியே பீச்சுவார்கள். கைத்தெளிப்பானில் உண்டாகும் அழுத்தமோ அதில் சில மடங்கே.

உண்மையான அபாயம் வேறு. ரைசோபியம், வறட்சியைத் தாங்கும் வித்துக்களை உண்டாக்கும் இனமன்று. ஈரம் வற்றினால் அதன் உடல் சுருங்கி, உட்சவ்வு இழுபட்டுச் சிதைகிறது. இரசாயன உரத்துடன் கலந்தாலும் உப்பானது உடலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். வெயிலும் சுடுகஞ்சியும் இவற்றை விரைவில் கொல்லும். உலர்ந்தபின் விதையைத் தேய்த்தால் பூச்சு உதிர்ந்துபோகும். நிலக்கடலைப் பருப்பின் மெல்லிய தோல் கிழிந்து முளைப்பும் கெடும்.

ஆகையால், நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில், பொட்டலத்தில் குறித்த அளவுப்படி பாக்டீரியாக் கலவையைக் கரைத்து, விதை முழுவதும் படியும்படி மெதுவாகப் புரட்ட வேண்டும். நிழலில் அரைமணி நேரத்திற்குள் உலர்த்தி, அன்றே ஈர நிலத்தில் விதைப்பது நலம். பூஞ்சாண மருந்து கலந்த விதையானால், ஒரு நாள் கழித்தே பூச வேண்டும். பொட்டலங்களைக் குளிர்ந்த நிழலிடத்தில் வைத்து, குறித்த காலத்திற்குள் உபயோகிக்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் பொட்டலங்களை வெயிலில் அடுக்கி வைத்து வழங்காதிருத்தல் அவசியம்.

பூக்கும் பருவத்தில் சில செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர்முடிச்சைக் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் காணப்பட்டால் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன என்று அறியலாம். முடிச்சே இல்லாவிடினும், உள்ளே பச்சையாகவோ வெளுத்தோ இருப்பினும், அடுத்த பட்டத்தில் மேற்கூறிய முறைகளில் எது தவறியது என்று ஆராய்ந்து திருத்திக்கொள்வது பயன் தரும்.