உஷார்! உங்களுக்குக் காலை, வாட்ச்சுக்கு ராத்திரி

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச் தூங்குகிறதா? கல்யாணம், தீபாவளி என்றால் மட்டும் எடுத்துக் கட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் அடுத்த முறை அதன் சாவியில் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது சீக்கோ 5. பெரியப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. கிழமை ஆங்கிலத்திலும் வரும், அரபியிலும் வரும். வளைகுடாவுக்கு ஆள் போய்வந்த வீடுகளில் இந்த வாட்ச்சைத் தெரியாதவர்கள் குறைவு. மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். முள் பத்தே முக்காலில் நின்றிருந்தது. சாவியை ஒரு படி வெளியே இழுத்து, தேதியை விறுவிறுவென்று திருகினேன். உள்ளே எங்கோ 'கிடுக்' என்றது. அன்றிலிருந்து தேதிக் கட்டத்தில் 14 பாதி, 15 பாதி.

பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க காலையிலதான் மாத்தியிருக்கீங்க. வாட்ச்சுக்கு அது ராத்திரி."

விஷயம் இதுதான். தேதி நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் திடீரென்று மாறிவிடுவதில்லை. முள் ஒன்பது மணியைத் தாண்டும்போதே உள்ளே ஒரு சின்ன விரல் தேதிச் சக்கரத்தின் பல்லைப் பிடித்துத் தள்ள ஆரம்பிக்கிறது. அடுத்துக் கிழமைச் சக்கரம். அது அரபியைக் கடந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர விடிகாலை ஆகிவிடும். பல்லும் விரலும் கோத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் சாவியால் தேதியைத் திருகினால், ஒரே பல்லை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்த கதைதான். பல் முறியும், இல்லையென்றால் விரல் முறியும். இரவு 9 முதல் விடிகாலை 4 வரை தேதி, கிழமையைத் தொடாதே என்று வாட்ச்சோடு வரும் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தக் கையேட்டை யார் பிரித்தோம்?

இதில் பெரிய கண்ணி என்னவென்றால், நின்றுபோன வாட்ச் பகலில் நின்றதா இரவில் நின்றதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் என்ன காட்டினாலும் அதற்குக் கவலையில்லை. கையிலிருக்கும் வாட்ச்சின் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் சாவியைக் கடைசிப் படி வரை இழுத்து முள்ளை முன்பக்கமாகவே சுற்றுங்கள். பன்னிரண்டைத் தாண்டும்போது தேதி நகர்ந்தால் அது நள்ளிரவு. நகராவிட்டால் நண்பகல், இன்னொரு சுற்று போங்கள். நள்ளிரவைக் கடந்து முள்ளைக் காலை ஆறில் நிறுத்திவிட்டு, சாவியை ஒரு படி உள்ளே தள்ளி, தேதியையும் கிழமையையும் நேற்றையதாக வையுங்கள். பிறகு மறுபடி கடைசிப் படிக்கு இழுத்து, தேதி தானாக இன்றைக்கு வரும்வரை முள்ளை ஓட்டி, சரியான மணியில் நிறுத்துங்கள். மூன்று நிமிட வேலை. தினமும் கட்டுகிறவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்றே இந்த வாட்ச் நினைத்துக்கொண்டிருக்கிறது. எனவே ஆண்டுக்கு 5 முறை தேதியைத் திருத்தியே ஆக வேண்டும். மார்ச் 1, மே 1 என்று வரும் அந்த நாட்களில் ராத்திரி படுக்கப்போகும்போது ஞாபகம் வந்தால் விட்டுவிடுங்கள். காலைக் காப்பிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாட்ச் நிற்பதே பழுது என்று பதறுகிறவர்கள் உண்டு. முழுதாகச் சுற்றிய ஸ்பிரிங் சுமார் 40 மணி நேரம்தான் தாங்கும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் ஞாயிறு காலை நின்றுவிடும், அவ்வளவுதான். பழைய சீக்கோ 5-ல் இருக்கும் 7எஸ்26 எந்திரத்துக்குச் சாவி கொடுக்கவும் முடியாது. திருகினால் சும்மா சுற்றும். அதற்காகக் காதருகே வைத்து இருமல் மருந்துப் பாட்டிலைப் போலக் குலுக்காதீர்கள். கிடையாகப் பிடித்து அரை நிமிடம் பக்கவாட்டில் நிதானமாக ஆட்டினால் போதும், உள்ளிருக்கும் அரைவட்ட எடை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், கிணற்றுக் குளியலைத் தாங்காது. ரப்பர் வளையம் காய்ந்துபோன பழைய வாட்ச்சில் அந்த எழுத்துக்கு மதிப்பே இல்லை. கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தால் அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். துரு நாள் பார்த்து வருவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று பாக்கி: காந்தம். வாட்ச்சின் உயிர் ஹேர் ஸ்பிரிங். தலைமுடி போன்ற அந்தச் சுருளின் ஆட்டத்தில்தான் நொடிக்கு 6 டிக் பிறக்கிறது. அதில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீளம் குறைந்த ஸ்பிரிங் வேகமாகத் துடிக்கும். நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போவது ஆட்டோமேட்டிக்கில் சகஜம். ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடியது திடீரென்று பத்து நிமிடம் முந்திப்போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒரு திசைகாட்டியின் மேல் வாட்ச்சைக் கொண்டுபோய்ப் பாருங்கள், முள் துள்ளினால் விடை கிடைத்துவிட்டது. என் அலுவலக நண்பர் ஒருவர் இப்படி முந்திய வாட்ச்சுக்கு இரண்டு முறை முழு சர்வீஸ் செய்து செலவழித்தார். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் பழையபடி முந்தி ஓடியது. காந்தம் எடுக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் அது சில நொடி வேலை. சர்வீசுக்குத் தலையாட்டுவதற்கு முன் அதைக் கேளுங்கள். நண்பர் தினமும் ராத்திரி வாட்ச்சைக் கழற்றி வைத்த இடம், ப்ளூடூத் ஸ்பீக்கரின் தலை.